36 அடிப் பழைய பாய்மரப் படகு, 60,000 ரிங்கிட்: எதை முதலில் மாற்றுவது?

1987-இல் கட்டிய 36 அடி ஃபைபர் பாய்மரப் படகை லங்காவியில் வாங்கியிருக்கிறீர்கள். யான்மார் 3ஜிஎம்30எஃப் இஞ்சின், கையில் 60,000 ரிங்கிட், வருகிற ஜனவரியில் மனைவியோடு திருகோணமலை வரை போக ஆசை. 400 ஆம்பியர்-அவர் (Ah) லித்தியம் பேட்டரி, கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர், கடல் மேப் காட்டும் பெரிய திரை சார்ட்பிளாட்டர், இந்த மூன்றில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இரண்டு விஷயம் சேர்த்திருக்கிறீர்கள்: ரிக்கிங் (பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள்) எப்போது மாற்றியது என்று பழைய ஓனருக்கே தெரியாது, நங்கூரம் தூக்கும் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. மேலே கேட்ட மூன்றையும் விட்டுவிட்டு அந்தக் கடைசி இரண்டு வரியிலிருந்துதான் நான் தொடங்குவேன். நீங்கள் உண்மையில் கேட்டது, இந்தப் படகை நம்பி வங்காள விரிகுடாவைத் தாண்டலாமா என்பதுதானே.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. லங்காவியில் யாட் படகுகளுக்கு மின்வேலை, இஞ்சின், பம்ப் வேலை என்று 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ரிக்கிங்கும் பாய் தைப்பதும் என் தொழில் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்த பழக்கம்தான். உங்கள் படகையும் நான் பார்த்ததில்லை. ஆகவே எல்லாப் பழைய படகுக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன், நேரில் பார்க்காமல் சொல்லக் கூடாததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

லங்காவியிலிருந்து திருகோணமலை சுமார் 1,100 கடல் மைல். சராசரி ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகம் என்றால் ஒன்பது, பத்து நாள். ஜனவரியில் வாடைக்காற்று பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும், நல்ல பயணம். வாங்கப் போகும் ஒவ்வொரு பொருளிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: கரை 500 மைல், இரவு இரண்டு மணி, இப்போது இது கெட்டுப்போனால் என்ன ஆகும்? பிளாட்டர் கெட்டால் ஃபோனில் மேப் இருக்கிறது. வாட்டர்மேக்கர் கெட்டால் ஜெரிகேனில் தண்ணீர் இருக்கிறது. இஞ்சின் கெட்டால் பாய் இருக்கிறது, நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். படகின் அடியில் ஒரு வால்வு உடைந்தாலோ பாய்மரம் சாய்ந்தாலோ இந்த மாதிரி ஒரு பதில் கிடையாது. பணம் முதலில் போக வேண்டிய இடம் அது.

அடி வால்வுகளைச் சொல்கிறேன். டாய்லெட், சிங்க், இஞ்சினுக்கு வரும் கடல் தண்ணீர் என்று உங்கள் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே ஆறு முதல் பத்து ஓட்டை இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் படகைப் பழுதுபார்க்கும் யார்டில் கரைக்கு மேலே ஏற்றியிருந்தார். உள்ளே டாய்லெட் வால்வு இறுகிப் போயிருந்தது. ஸ்பேனர் கூடப் போடவில்லை, கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் அழுத்தினேன். கைப்பிடி, வால்வு, ஹோஸ் எல்லாம் ஒன்றாக என் கையோடு வந்துவிட்டது. ஓட்டை வழியாக யார்டின் சிமெண்ட் தரை தெரிந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தால் பித்தளை மஞ்சள் ஒரு ஓரத்தில் மட்டும், மீதியெல்லாம் இளஞ்சிவப்பு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அந்த மனிதர் அந்தப் படகில் இரண்டு வாரம் முன்புதான் ஃபூக்கெட்டிலிருந்து வந்தார்.

பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கிறது. கடல் தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கடற்பஞ்சு மாதிரி ஒரு செம்பு, வெளியே பார்த்தால் வால்வு முழுசாகத்தான் தெரியும். அதனால் படகு மேலே ஏறியதும் ஒவ்வொரு வால்வையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கத்தி முனையால் ஒரு இடம் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் பிழைத்தீர்கள், இளஞ்சிவப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது வெண்கலம், அல்லது துத்தநாகம் கரையாத டிஇசட்ஆர் பித்தளை என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக் குழாய் கடையில் விற்கும் பளபள பித்தளை பால் (ball) வால்வு கடலுக்கு ஆகாது. விலை கால்வாசி என்று அதைப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஹோஸ் கிளிப் 316 ஸ்டீலில், இடம் இருக்கும் இடமெல்லாம் இரண்டிரண்டு. உடைந்தால் ஓட்டையை அடைக்க, ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று நூலில் கட்டித் தொங்கட்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஒன்றரை அங்குல ஓட்டை நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே திறந்தால் நிமிடத்துக்கு 140 முதல் 230 லிட்டர் வரை தண்ணீர் உள்ளே வரும். பெட்டியில் மணிக்கு 2,000 கேலன் என்று அச்சிட்ட பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) ஏட்டளவில் நிமிடத்துக்கு 126 லிட்டர். ஹோஸ் ஏற்றம், வளைவு, பேட்டரி இறக்கம் எல்லாம் போக அதில் பாதி வந்தால் நல்ல பம்ப். அந்தப் போட்டியில் பம்ப் ஜெயிக்காது.

படகு மேலே இருக்கும்போதே சுக்கான் ஆடுகிறதா, ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டியான ஆனோடு பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். மரினாவில் (படகு நிறுத்தும் துறை) கரை மின்சாரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் படகுக்கு, எர்த் கம்பி வழியாக வரும் அரிப்பு மின்சாரத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் பக்கத்துப் படகின் உலோகத்துக்கும் சேர்த்து உங்கள் ஆனோடு கரையும்.

அடுத்தது ரிக்கிங். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் ஸ்டீல் கம்பிகள் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் பலர் கேட்பார்கள். அந்தப் பத்து ஒரு கை மதிப்புதான். குளிர் நாட்டில் வாரக்கடைசியில் மட்டும் ஓடும் படகின் கம்பி அதைத் தாண்டியும் நன்றாக இருக்கும். நம் ஊர் வெப்பமும் உப்புக் காற்றும் ஏழெட்டு ஆண்டிலேயே முனையில் விரிசல் வரவைக்கலாம். ஆனால் தேதியே தெரியாத ரிக்கிங்கில் இந்த வாதத்துக்கு இடமில்லை. தெரியாத வயது என்றால் முடிந்த வயது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த எந்த ரிக்கரும் இதில் மாற்றுக் கருத்து சொல்லமாட்டார்.

மாற்றுவதற்கு முன் நீங்களே பார்க்கலாம். 19 இழை சேர்த்து முறுக்கிய கம்பி அது, அதில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி போச்சு. டிஷ்யூ பேப்பரை வைத்துக் கீழிருந்து மேலே உருவுங்கள், அறுந்த இழை பேப்பரைக் கிழித்துக் காட்டும். வெறுங்கையால் உருவாதீர்கள், ஊசி மாதிரி ஏறும். கம்பி முடிகிற ஸ்வேஜ் முனைகளை, அதிலும் தண்ணீர் தேங்கும் கீழ் முனைகளை, பூதக்கண்ணாடியில் பாருங்கள். முடி மாதிரி நீளவாக்கில் ஒரு கோடு, அதிலிருந்து துருக் கண்ணீர் ஒழுகின தடம், இது இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கம்பியைவிட எனக்குப் பயம் செயின்பிளேட்டில்தான். கம்பியின் கீழ் முனையைப் படகோடு பிணைக்கும் அந்த ஸ்டீல் தகடு டெக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனால் அதன் மேல் உண்டாகும் மெல்லிய படலத்தால். டெக்குக்குள் நசுங்கிய பழைய சீலன்ட்டுக்கு நடுவே உப்புத் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே ஆக்சிஜன் கிடைக்காது. வெளியே கண்ணாடி மாதிரி மின்னும் தகடு உள்ளே எலி கடித்த மாதிரி அரித்திருக்கும். கழற்றாமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை, மேலே நின்று பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்பவரை நம்ப வேண்டாம். உங்கள் தகடு எப்படி இருக்கிறது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. 1987-ஐப் பார்த்தால், கழற்றிப் பார்ப்பதற்கு ஆகும் கூலியை நான் யோசிக்கவே மாட்டேன். கழற்றும்போது டெக்குக்குள் இருக்கும் மரம் ஊறியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சுற்றிலும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள், 'டக்' என்று வருவது 'தொம்' என்று மாறும் இடத்தில் உள்ளே மரம் மக்கியிருக்கிறது.

இஞ்சின் விஷயத்தில் நல்ல செய்தி. யான்மார் 3ஜிஎம் வரிசை எளிமையான, உழைக்கும் இஞ்சின், எங்கும் மெக்கானிக்குக்குப் பழக்கமானது. நடுக்கடலில் அது நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இஞ்சினே இல்லை, டீசல் டேங்க். பல ஆண்டு மரினாவில் அசையாமல் கிடந்த டேங்கில் அடியில் தண்ணீரும், அதில் வளரும் கறுப்புச் சளி மாதிரி ஒன்றும் சேர்ந்திருக்கும். துறைமுகத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அலையில் படகு ஆடும்போது எல்லாம் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும், அதுவும் துறைமுக வாசலில், காற்று எதிரே அடிக்கும்போது. டேங்க் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துடைத்து எடுங்கள். மூடியே இல்லாத டேங்க் என்றால் வெட்டி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். ஃபில்டர் குறைந்தது ஆறு ஸ்பேர் வைத்துக்கொண்டு, ஃபில்டர் மாற்றி லைனில் காற்றை எடுப்பதை நீங்களும் மனைவியும் தனித்தனியாகச் செய்து பழகுங்கள். கடலில் உங்களுக்கு மயக்கம் வரும் நாளில் அவர்தான் செய்ய வேண்டியிருக்கும்.

தண்ணீர் பம்பில் சுற்றும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழற்றியதில் இதழ் குறைந்திருந்தால் புதியதைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகாதீர்கள். உடைந்த துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயிலோ அதற்கு முந்தைய வளைவிலோ உட்கார்ந்திருக்கும், எண்ணிக்கை சரியாகும்வரை தேடுங்கள். புகை வெளியேறும் வளைகுழாயான எக்ஸாஸ்ட் எல்போவையும் கழற்றிப் பாருங்கள். விரல் நுழையும் வழி கரியடைத்துப் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இஞ்சின் சூடாகிறது, புகை கறுப்பாக வருகிறது என்று சொல்லி பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்றியபிறகு கடைசியில் வந்து நிற்பது அங்கேதான்.

இப்போது லித்தியம். பேட்டரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறது, உண்டாக்குவதில்லை. இதை மறந்துவிட்டுத்தான் பலர் பேட்டரி வாங்குகிறார்கள். உங்கள் பயணத்துக்கு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வெப்பத்தில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 60 ஆம்பியர்-அவர் சாப்பிடும். தானாகச் சுக்கான் பிடிக்கும் மின் ஆட்டோபைலட் சராசரி 3 ஆம்பியர் என்றால் 72. கருவிகள், ஏஐஎஸ் (கப்பல்கள் ஒன்றையொன்று ரேடியோவில் அடையாளம் காணும் கருவி), திரை எல்லாம் சேர்ந்து 2 ஆம்பியர் என்றால் 48. எல்இடி விளக்குகளுக்கு 10 போதும். மொத்தம் 190. உங்களிடம் இருக்கும் 400 வாட் சோலார் நல்ல வெயிலில் 100 முதல் 120 தரும். மீதி 70 முதல் 90 ஒவ்வொரு நாளும் கடன். 400 ஆம்பியர் அவர் லித்தியம் அந்தக் கடனை அடைக்காது, கடன் வாங்கும் தவணையை நீட்டிக் கொடுக்கும். ஐந்தாம் நாள் எப்படியும் இஞ்சினைப் போட வேண்டும். அதற்குப் பதில் அமரத்தில் (படகின் பின்முனையில்) ஒரு விண்ட்வேன் பொருத்தினால் மின்சாரமில்லாமல் காற்றே சுக்கானைப் பிடிக்கும். ஆட்டோபைலட்டின் 72 அப்படியே கணக்கிலிருந்து போய்விடுகிறது, சோலாரே கிட்டத்தட்டப் போதும். மானிட்டர், ஹைட்ரோவேன் போன்ற பிராண்டு விண்ட்வேன்கள் பழையதாக விற்பனைக்கு வரும், காத்திருந்து வாங்கலாம். காற்று மெலிந்தால் விண்ட்வேன் தடுமாறும் என்பதும் உண்மை. அந்த நேரத்துக்கு மின் பைலட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்ல சாமான், 100 ஆம்பியர்-அவருக்கு 12, 13 கிலோதான், லெட் ஆசிட்டில் அதுவே 30 கிலோ. ஆனால் பழைய பேட்டரியை இறக்கிவிட்டு அதே இடத்தில் லித்தியத்தை வைத்தால் வேலை முடிந்தது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் இஞ்சினில் அநேகமாக 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருவது) இருக்கும். லெட் ஆசிட் கொஞ்ச நேரத்தில் 'போதும்' என்று தானே வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் நிரம்பும்வரை கொடுப்பதையெல்லாம் குடித்துக்கொண்டே இருக்கும். மூடிய இஞ்சின் அறையில் மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடி ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். அதோடு, சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்றான பிஎம்எஸ் ஏதோ காரணத்தால் இணைப்பைத் துண்டித்தால், போக இடமில்லாத மின்சாரம் வோல்டேஜாக எகிறி ஆல்டர்னேட்டர் டயோடை எரித்துவிடும், சில நேரம் அந்த லைனில் இருக்கும் கருவிகளையும். சரியான வழி: ஸ்டார்ட்டிங் பேட்டரி லெட் ஆசிட்டாகவே இருக்கட்டும், ஆல்டர்னேட்டர் அதற்கே போகட்டும், அங்கிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக அளவோடு லித்தியத்துக்கு எடுங்கள். லித்தியம் பக்கம் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ், சாதாரண ஃப்யூஸால் அந்த ஷார்ட் சர்க்யூட் ஆம்பியரைத் துண்டிக்க முடியாது. இத்தனையும் சேர்த்த விலைதான் லித்தியத்தின் விலை. எத்தனை ஆண்டு உழைக்கும் என்று விளம்பரத்தில் போடும் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கை எல்லாம் 25 டிகிரி ஆய்வகத்தில் எடுத்தது. நம் படகின் பேட்டரிப் பெட்டி பகலில் 40-ஐத் தொடும். அதே எண்ணிக்கை இங்கே கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

நங்கூர மோட்டார் மெதுவாகச் சுற்றுவதற்குப் புது மோட்டாரோ புது பேட்டரியோ வாங்குவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். 1,000 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து அணியம் (படகின் முன்முனை) வரை 8 மீட்டர் என்றால் போக வர 16 மீட்டர். கேபிள் 16 சதுர மில்லிமீட்டர் என்றால் வழியிலேயே கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் காணாமல் போகிறது. 35 போட்டால் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் வரும். மல்டிமீட்டரை மோட்டார் முனையில் வைத்து, சங்கிலி ஏறும்போது அளந்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை. கேபிள் முனையை ஒரு அங்குலம் உரித்தும் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் உப்புத் தண்ணீர் உறைக்குள்ளேயே ஏறிவிட்டது, முனையை மட்டும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்து பயனில்லை. புது கேபிள் ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்கட்டும்.

வாட்டர்மேக்கரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 8 லிட்டர், பத்து நாளுக்கு 80. உங்கள் டேங்கே 300 லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். டேங்க் கெட்டுப்போனாலும் உயிர் தப்ப 80 லிட்டரை ஜெரிகேனில் தனியாக வையுங்கள். 55 பார் அழுத்தத்தில் ஓடும் அந்த மெஷின் அன்றாடம் ஓடினால்தான் நன்றாக இருக்கும். மரினாவில் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் ஓட்டக் கூடாது, குளோரின் பட்டால் உப்பை வடிக்கும் மெம்பிரேன் கெட்டுவிடும், சும்மா கிடந்தால் ரசாயனம் ஊற்றி ஊறப்போட வேண்டும். பல மாதம் தீவு தீவாகச் சுற்றப் போகும்போது வாங்குங்கள்.

பிளாட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் உங்கள் இருப்பிடத்தை மற்றவர்களுக்கும் அனுப்பும் ஏஐஎஸ் டிரான்ஸ்பாண்டர் வாங்குங்கள், வெறும் ரிசீவர் வேண்டாம். மலாக்கா நீரிணையிலிருந்து வெளியேறும் கப்பல் எல்லாம் கிரேட் நிக்கோபாரின் தெற்கே கடந்து இலங்கையின் தெவிநுவர முனையைப் பார்த்துப் போகும். அந்தச் சாலையை நீங்களும் பகிர வேண்டியிருக்கும். மூன்று லட்சம் டன் டேங்கரின் பிரிட்ஜில் உங்கள் பெயர் திரையில் தெரிவது உங்களுக்குப் பெரிய திரை இருப்பதைவிட மேல். மேப்புக்கு ஒரு டேப்லெட்டும் ஓப்பன்சிபிஎன் என்ற மேப் மென்பொருளும் போதும், இன்னொரு பழைய ஃபோனில் ஒரு பிரதி இருக்கட்டும். மீன்பிடிப் படகுகள் பலவற்றில் ஏஐஎஸ் இருக்காது, அதற்குக் கண்தான்.

60,000-ஐ எப்படிப் பிரிப்பது என்றால், என் கணக்கில் பாதிக்கு மேல் யார்டு, அடி வால்வு, ரிக்கிங், செயின்பிளேட்டுக்குப் போகும். டேங்கும் இஞ்சினும் கேபிளும் அடுத்து. பிறகு விண்ட்வேன், ஏஐஎஸ். மிச்சம் 8,000, 10,000-ஐத் தொடாமல் வைத்திருங்கள். பழைய படகில் ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று உடையும், அதற்கு வேண்டும். செப்டம்பர், அக்டோபர் இங்கே நல்ல மழை, பெயின்ட்டும் எபாக்சியும் இழுத்தடிக்கும். ஆகவே ஜூலைக்குள் படகை மேலே ஏற்றப் பாருங்கள், ரிக்கரிடம் இப்போதே தேதி வாங்குங்கள். நவம்பரில் எல்லாம் முடிந்ததும் நேராகத் திருகோணமலைக்குக் கிளம்பாதீர்கள். பினாங்கு போய்த் திரும்புங்கள், பிறகு ஃபூக்கெட் வரை இரவில் நிற்காமல் ஒருமுறை. செயின்பிளேட்டைக் கழற்றியதும் போல்ட் ஓட்டையைச் சுற்றி நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.